நூற்றிப்பன்னிரண்டாவது வரி

பம்பலப்பிட்டி, நாலாம் மாடி.
குளிரூட்டி நேரே என் கழுத்துக்கு மேல்.
இணைய வழங்கி கேட்கிற கேள்விகளைத்
தமிழில் கேட்க வைப்பது என் வேலை.
பக்கத்து மேசையில் இரேஷா
அதே கேள்விகளைச் சிங்களத்தில்.

நூற்றிப்பன்னிரண்டாவது வரி
எனக்கு முதல் யாரோ எழுதிவிட்டுப் போனது:
'ஏற்கெனவே உள்ளவற்றை வைத்திருக்க வேண்டாமா?
ஆம் / இல்லை.'
மூன்று வருடமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்,
மூடியில்லாத வடிகானைத் தாண்டுவதுபோல,
பார்க்காமலே, கால் பழகி.

செவ்வாய் காலை தொலைபேசியில் அருளப்பு.
கொட்டாஞ்சேனையிலிருந்து
மரண அறிவித்தல் தளம் நடத்துகிறவர்.
பதினொரு வருடத்துச் சாவுகள்.
"பிள்ளை, வேண்டாமா எண்டு கேட்டது.
வேணும் எண்டுதானே ஓம் அமத்தினன்."

வீட்டுக்கு வந்தவரிடம்
'தேத்தண்ணி வேண்டாமோ' என்றால்
பதிலை முகத்தில் பார்க்கலாம்.
கேத்தல் எப்படியும் அடுப்பில் இருக்கும்.
வழங்கிக்கு முகம் தெரியாது.
ஓமை அது
'ஓம், வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு
நாலு வினாடியில்
எல்லாரையும் இன்னொரு தடவை அனுப்பிவைத்தது.

காப்புப் பிரதி இருந்தது, ஞாயிறு இரவுவரை.
திங்கட்கிழமை பதிந்த மூன்று பேர் மட்டும் அதில் இல்லை.
"அவையின்ர ஆக்களுக்கு என்ன சொல்லுறது?"
என் அட்டவணையில் அதற்கு வரி இல்லை.

மீட்கத் தொடங்கியதும் அடுத்த கேள்வி வந்தது:
'களப் புரவலர் முகவரியை உள்ளிடுக.'
இது நானே எழுதியது.
அகராதி விரித்து, கொஞ்சம் பெருமையோடு.
"களம் எண்டா சண்டை நடக்கிற இடம்.
புரவலர் ஆர், காசு குடுக்கிறவரோ?"
அவர் பகிடி விடவில்லை.
டொமைன் என்றேன். ஹோஸ்டிங் என்றேன்.
மறுமுனையில் மூச்சு மட்டும்.

மீண்டு வந்துகொண்டிருந்த பக்கங்களில்
என் கண் ஒரு வரியில் நின்றது.
ஐயா, என்றேன்,
நீங்கள் பதிந்து வாங்கின பெயர் பிறப்பிடம்.
கோப்புகள் இப்ப இருக்கிற இடம் வதிவிடம்.

"ஓ.
அப்ப பிறப்பிடம் மாறாது."
மாறாது.
"வதிவிடத்தைத்தான் கேக்குது."
ஓம்.
ஒரு எழுத்துப் பிழையில்லாமல் தட்டினார்.

மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே
இரேஷாவின் நூற்றிப்பன்னிரண்டைக் கேட்டேன்.
'எபாத?' என்று வாசித்தாள்.
வேண்டாமா.
அதே கான், மற்றக் கரையிலிருந்து.

இரண்டு பேரும் அழித்துவிட்டு எழுதினோம்:
'இந்தத் தளத்திலுள்ள 4,318 பக்கங்களையும்
நாங்கள் நிரந்தரமாக அழிப்போம்.'
கீழே ஆமும் இல்லை, இல்லையும் இல்லை.
'அழி.' 'வைத்திரு.'

எண்ணை வழங்கியே எண்ணிப் போடட்டும்,
அதற்குத்தான் எண்ணத் தெரியுமே என்றாள்.
'நாம்' என்று போட்டால் இரண்டு எழுத்து மிச்சம் என்றார்
மேலாளர் ருஷ்தி, பெட்டி கொள்ளாதாம்.
நாம் என்றால் அமத்துகிற ஆளும் சேர்ந்துவிடும்.
அழிக்கிறது நாங்கள், என்றேன்.
பெட்டியை அகட்டினார்கள்.
களப் புரவலரை நானே கழற்றி எறிந்தேன்.

புதன் பின்னேரம்.
கடற்கரை ரயில் ஜன்னல்களை உலுக்கிக்கொண்டு போகிறது.
அருளப்புவின் தளத்தில் மூன்று பேரும் வந்துவிட்டார்கள்,
கடதாசி பார்த்துத் திருப்பி அடித்திருக்கிறார்.
ஒருவரைத் திறந்தேன்.
பண்டாரவளையைப் பிறப்பிடமாகவும்
ஜிந்துப்பிட்டியை வதிவிடமாகவும் கொண்டவர்,
செபமாலை மரியநாயகம், வயது எழுபத்தொன்று.
அடக்கம் நேற்றே முடிந்திருந்தது.

அடியில் சின்ன எழுத்தில்:
'தாமதத்துக்கு வருந்துகிறோம்.'

நாங்களா, நாமா.
அந்தச் சொல் மட்டும் பார்த்தால் தெரியாது.